வெறும் ஊசியில் மறைந்த கட்டிகள்: முற்றிய சிறுநீரகப் புற்றுநோயில் நோயெதிர்ப்பாற்றல் சிகிச்சையின் வரலாறு

1998ஆம் ஆண்டு 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் கனடாவில் நடந்த ஒரு மருத்துவ ஆய்வின் முடிவு வெளியாயிற்று. சிறுநீரகத்தில் தோன்றி உடலின் பிற உறுப்புகளுக்கும் பரவிவிட்ட புற்றுநோய் கொண்ட 197 பேர் அதில் பங்கேற்றிருந்தனர். ஒரு பிரிவினருக்கு இன்டர்ஃபெரான் காமா என்னும் மருந்து; மறு பிரிவினருக்கு மருந்தே இல்லாத வெறும் ஊசி. யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. மருந்து பெற்றவர்களில் 4.4 விழுக்காட்டினரிடம் கட்டிகள் குறிப்பிடத்தக்க அளவு சுருங்கின அல்லது அடியோடு மறைந்தன. வெறும் ஊசி பெற்றவர்களிடம் அந்த அளவு 6.6 விழுக்காடு.

மருந்து தோற்றது என்பதோடு அந்தச் செய்தியை முடித்துக்கொள்ளலாம். இத்தனை சிறிய எண்ணிக்கையில் 4.4க்கும் 6.6க்கும் இடையிலான வேறுபாட்டுக்குப் பொருளில்லை. பொருளுள்ளது வேறொன்று: இரண்டாவது எண் சுழியாக இல்லை. உடலெங்கும் பரவத் தொடங்கிவிட்ட ஒரு புற்றுநோய், எந்த மருந்தும் இல்லாமலேயே, நூற்றில் ஆறேழு பேரிடம் பின்வாங்கியிருக்கிறது. கணையப் புற்றுநோயில் இப்படியோர் எண்ணை எவரும் எதிர்பார்க்கமாட்டார். முற்றிய சிறுநீரகப் புற்றுநோய்க்கான நோயெதிர்ப்பாற்றல் சிகிச்சையின், அதாவது இன்று பரவலாக இம்யூனோதெரபி என்று வழங்கப்படுவதன், வரலாறு பெரும்பாலும் இத்தகைய சிலரைச் சுற்றியே நடந்திருக்கிறது. அவர்களைக் கண்டு நம்பிக்கை கொண்டவர்கள் ஒருபுறம். அவர்களைக் கண்டு ஏமாறுகிறோமோ என்று ஐயுற்றவர்கள் மறுபுறம். இரு தரப்பாருக்கும் போதிய காரணம் இருந்தது.

இந்த நோயின் பழைய பெயரே ஒரு பிழையைச் சுமந்து நெடுங்காலம் வாழ்ந்த பெயர். 1883இல் ஜெர்மானிய நோய்க்குறியியலாளர் பவுல் கிராவிட்ஸ், சிறுநீரகத்தில் காணப்பட்ட கொழுப்பு நிறைந்த மஞ்சள் நிறக் கட்டிகள் சிறுநீரகத்துக்கு உரியவையல்ல என்றார். கருவளர்ச்சியின்போது வழிதவறி அங்கே தங்கிவிட்ட அட்ரினல் சுரப்பித் திசுவிலிருந்து அவை முளைத்தன என்பது அவர் கொள்கை. அதிலிருந்து பிறந்த சொல் 'ஹைப்பர்நெஃப்ரோமா'. சிறுநீரகத்துக்கு மேலிருப்பதன் கட்டி என்று பொருள். 1960இல் எலக்ட்ரான் நுண்ணோக்கி, கட்டியின் செல்கள் சிறுநீரக நுண்குழல்களின் செல்களையே ஒத்திருப்பதைக் காட்டியது. கொள்கை வீழ்ந்தது, சொல் வீழவில்லை. அதன்பிறகும் பல்லாண்டுகள் மருத்துவக் குறிப்புகளில் ஹைப்பர்நெஃப்ரோமா என்றே எழுதப்பட்டுவந்தது. சொற்கள் கொள்கைகளைவிட ஆயுள் மிக்கவை என்பதற்கு இத்துறையிலேயே இன்னொரு சான்றும் உண்டு. அது பின்னர் வரும்.

1928இல் அமெரிக்க அறுவை மருத்துவர் பம்பஸ் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார். கட்டி வளர்ந்த சிறுநீரகத்தை அகற்றிய பின், நுரையீரலில் பரவியிருந்த கட்டிகள் தாமாகவே மறைந்துவிட்டன. அடுத்த பல பத்தாண்டுகளில் இத்தகைய செய்திகள் ஒன்றிரண்டாகச் சேர்ந்தன. சிறுநீரகத்தை அகற்றியவர்களிடம் இவ்வாறு நேர்வது நூற்றில் ஒருவருக்கும் குறைவு என்பதே பொதுவான மதிப்பீடு. சிலவற்றில் நுரையீரலில் இருந்தது புற்றுநோய்தானா என்பதே திசுச் சோதனையால் உறுதிசெய்யப்படவில்லை. ஆயினும் மெலனோமா எனப்படும் தோல் புற்றுநோயோடு சேர்த்து, தானாக மறையும் புற்றுநோய்கள் என்ற பட்டியலில் சிறுநீரகப் புற்றுநோய்க்கு நிலையான இடம் கிடைத்தது. உடலுக்குள் ஏதோ ஒன்று இந்த நோயை அடையாளம் கண்டு தாக்குகிறது என்ற ஊகம் அங்கிருந்தே தொடங்கியது.

ஊகத்தைப் பற்றிக்கொண்டதற்கு வேறு வழியின்மையும் காரணம். கீமோதெரபி மருந்துகள் இந்தப் புற்றுநோயிடம் பெரும்பாலும் செல்லுபடியாகவில்லை. நச்சுப் பொருள்களை வெளியே தள்ளுவது சிறுநீரக நுண்குழல் செல்களின் அன்றாட வேலை. அவற்றிலிருந்து பிறந்த புற்று செல்களும் மருந்தை நச்சாகக் கருதி வெளியேற்றும் புரதங்களை மிகுதியாக வைத்திருந்தன. வழக்கமான கதிர்வீச்சும் பரவிய நோயை அடக்கப் போதவில்லை. வெள்ளெலிகளிடம் ஈஸ்ட்ரோஜன் கொடுத்துச் சிறுநீரகக் கட்டிகளை உண்டாக்க முடிந்ததை வைத்து, மெட்ராக்சிபுரோஜெஸ்ட்ரோன் என்ற ஹார்மோன் மருந்து மனிதர்களுக்கு வழங்கப்பட்டது. அது பெரிதாகப் பயன்தரவில்லை. பெரிதாகத் தீங்கும் செய்யவில்லை என்பதால் நெடுங்காலம் நீடித்தது. இவ்வாறு எல்லாக் கதவுகளும் அடைபட்ட பிறகு எஞ்சியிருந்த ஒரே கதவு, பம்பஸின் நோயாளி விட்டுச்சென்ற கதவு.

1957இல் லண்டனில் ஐசக்ஸும் லிண்டன்மனும் கண்டறிந்த இன்டர்ஃபெரான், வைரஸ்களின் பெருக்கத்தில் குறுக்கிடுவதால் அப்பெயர் பெற்றது. 1976இல் டி செல்களை ஆய்வுக்கூடத்தில் வளரச்செய்யும் ஒரு புரதம் கண்டறியப்பட்டது. 'டி செல் வளர்ச்சிக் காரணி' என்பது அதன் முதற்பெயர். வெவ்வேறு ஆய்வுக்கூடங்கள் இத்தகைய புரதங்களுக்கு வெவ்வேறு பெயரிட்டுக் குழப்பம் பெருகியபோது, 1979இல் சுவிட்சர்லாந்தின் எர்மாட்டிங்கன் நகரில் கூடிய ஆய்வாளர்கள் 'இன்டர்லூக்கின்' என்ற பொதுச்சொல்லை வகுத்தனர். வெள்ளணுக்களுக்கு இடையே நடக்கும் பரிமாற்றம் என்பது அதன் உட்பொருள். வளர்ச்சிக் காரணி, இன்டர்லூக்கின்-2 ஆயிற்று. 1983இல் ஜப்பானில் தனிகுச்சியின் குழு அதன் மரபணுவைப் படியெடுத்தபின், அதைப் பெருமளவில் உற்பத்திசெய்ய வழி பிறந்தது.

அதை நோயாளியின் படுக்கைக்குக் கொண்டுவந்தவர்களுள் முதன்மையானவர் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் அறுவை மருத்துவர் ஸ்டீவன் ரோசன்பெர்க். 1968இல் பயிற்சி மருத்துவராக இருந்தபோது, பித்தப்பை வலியோடு வந்த ஒரு முதியவரை அவர் கண்டார். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் இரைப்பைப் புற்றுநோய் முற்றி, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டவர் அவர். இப்போது அவர் உடலில் புற்றுநோயின் சுவடே இல்லை. அம்முதியவரின் இரத்தத்தை அதே நோய் கொண்ட இன்னொருவருக்குச் செலுத்திப் பார்த்தார் ரோசன்பெர்க், பயனில்லை. ஆனால் அந்த முதியவர் எழுப்பிய கேள்வி அவரை விடவில்லை. 1985இல் அவர் வெளியிட்ட முதல் அறிக்கையில், இன்டர்லூக்கின்-2 மருந்தும் அதனால் தூண்டப்பட்ட வெள்ளணுக்களும் பெற்ற 25 பேரில் 11 பேரிடம் கட்டிகள் பாதிக்கும் மேல் சுருங்கியிருந்தன. செய்தித்தாள்கள் கொண்டாடின. வெள்ளணுக்களைத் தனியே எடுத்து வளர்த்துத் திருப்பிச் செலுத்தும் அந்தக் கடினமான பகுதி தேவையே இல்லை, மருந்து மட்டும் போதும் என்பது பின்னர்த் தெரிந்தது.

மருந்து மட்டும் என்று சொல்வது எளிது. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 6 லட்சம் அல்லது 7.2 லட்சம் அலகு வீதம், எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, ஐந்து நாட்களில் அதிகபட்சம் 14 தவணைகள்; சில நாள் ஓய்வுக்குப்பின் மீண்டும் அதே சுற்று. மிக நுண்ணிய இரத்தக் குழாய்களாகிய தந்துகிகள் கசியத் தொடங்கும். நீர் இரத்தத்தை விட்டுத் திசுக்களுக்குள் இறங்கும், உடல் வீங்கி எடை பல கிலோ கூடும், இரத்த அழுத்தம் சரியும், சிறுநீர் குறையும், நுரையீரலில் நீர் கோக்கும், சிலருக்கு மனக்குழப்பம் வரும். தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு நிகரான கண்காணிப்பு இல்லாமல் இதைக் கொடுக்க இயலாது. ஏழு ஆய்வுகளில் இவ்வாறு சிகிச்சை பெற்ற 255 சிறுநீரகப் புற்றுநோயாளிகளின் கணக்கு 1995இல் முறையாக வெளியாயிற்று: 14 விழுக்காட்டினரிடம் நோய் பின்வாங்கியது, 5 விழுக்காட்டினரிடம் முழுவதும் மறைந்தது, 4 விழுக்காட்டினர் சிகிச்சையாலேயே இறந்தனர்.

முழுவதும் குணமானவர்களும் சிகிச்சையால் மாண்டவர்களும் ஏறத்தாழ ஒரே எண்ணிக்கை. மிச்சமிருந்த பெரும்பான்மையினர் துன்பத்தை மட்டும் பெற்றனர். இந்த மருந்தை ஏற்பதா மறுப்பதா?

1990இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் ஆலோசனைக் குழு ஒப்புதல் தரவில்லை. மருந்தை உருவாக்கிய சீட்டஸ் நிறுவனம் அந்த அடியிலிருந்து மீளாமல் அடுத்த ஆண்டே கைரான் நிறுவனத்தோடு இணைந்தது. 1992இல் ஒப்புதல் கிடைத்தபோதும், பெரிய அளவில் நோயாளிகளைச் சமவாய்ப்பு முறையில் பிரித்து ஒப்பிட்ட ஆய்வு எதுவும் அதன் பின்னணியில் இல்லை. அந்த 255 பேரும் நன்றாக நடமாடக்கூடிய, இதயமும் நுரையீரலும் உறுதியாக உள்ள நோயாளிகளாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். அவர்களை ஒன்றும் செய்யாமல் விட்டிருந்தாலும் சிலர் நெடுநாள் வாழ்ந்திருப்பர் என்று ஐயுற்றவர்கள் வாதிட்டனர். கனடாவின் 6.6 விழுக்காடு வெளியானபோது அந்த வாதம் வலுப்பெற்றது.

எதிர்வாதத்துக்கும் வலு இருந்தது. பெத்தெஸ்டாவில் ரோசன்பெர்க்கின் குழு 1986 முதல் 2006 வரை இதே முறையில் 259 சிறுநீரகப் புற்றுநோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்தது. 23 பேரிடம் நோய் முழுவதும் மறைந்தது. கணக்கு வெளியான 2008வரை அவர்களில் நால்வருக்கு மட்டுமே அது திரும்பியிருந்தது. ஓரளவு மட்டும் சுருங்கிய 30 பேரில் அனைவருக்கும் நோய் திரும்பிவிட்டது. 20 ஆண்டுகளில் சிகிச்சையால் இறந்தோர் இருவர். யாருக்குக் கொடுக்கலாம், எப்போது நிறுத்தவேண்டும் என்பதை மருத்துவர்கள் கற்றிருந்தனர். தானாக மறைந்ததாகச் சொல்லப்படும் நோய்கள் பல சில மாதங்களில் திரும்புபவை. இங்கோ பத்தாண்டு, பதினைந்தாண்டு என்று நோயின்றி வாழ்பவர்கள் பெயர் பெயராக இருந்தனர். இதைத் தற்செயல் என்று ஒதுக்குவது கடினம்.

ஐரோப்பாவில் அணுகுமுறை வேறாக இருந்தது. பிரிட்டனில் இன்டர்ஃபெரான் ஆல்ஃபாவை மெட்ராக்சிபுரோஜெஸ்ட்ரோனோடு சமவாய்ப்பு முறையில் ஒப்பிட்ட ஆய்வு 1999இல் வெளியாயிற்று: வாழ்நாளின் இடைநிலை அளவு 6 மாதத்திலிருந்து 8.5 மாதமாகக் கூடியது. அந்த இரண்டரை மாதத்துக்கு விலை, இடையறாத காய்ச்சலும் சோர்வும் மனத்தளர்ச்சியும். பிரான்சில் 425 பேரிடம் இன்டர்லூக்கின், இன்டர்ஃபெரான், இரண்டும் சேர்ந்தது என மூன்று வகை ஒப்பிடப்பட்டன. சேர்த்துக் கொடுத்தபோது கட்டிகள் அதிகமாகச் சுருங்கின, ஆனால் ஆயுள் கூடவில்லை. கட்டி சுருங்குவதும் மனிதர் வாழ்வதும் ஒன்றல்ல என்ற பாடத்தைச் சிறுநீரகப் புற்றுநோய் பலமுறை கற்பித்திருக்கிறது.

இங்கே ஒரு மொழிக்குறிப்பு. மருந்து பயன்தராதபோது 'நோயாளி சிகிச்சையில் தோற்றார்' என்று எழுதுவது மருத்துவ ஆங்கிலத்தின் வழக்கம். எழுவாய் நோயாளி, தோற்றது மருந்தல்ல, அவர். நூற்றில் எண்பத்தைந்து பேரிடம் பயன்படாத ஒரு மருந்தைப் பற்றி இவ்வாறு எழுதப்பட்ட வாக்கியங்கள் அக்காலத்து ஆய்விதழ்களில் ஏராளம்.

2005 முதல் ஏறத்தாழ பத்தாண்டுகள் நோயெதிர்ப்பாற்றல் சிகிச்சை பின்னுக்குத் தள்ளப்பட்டது. ஃபான் ஹிப்பெல், லிண்டாவ் என்னும் இரு மருத்துவர்களின் பெயரால் அறியப்படும் பரம்பரை நோயை ஆராய்ந்தவர்கள் 1993இல் அதன் மரபணுவைக் கண்டறிந்தனர். தெளிசெல் வகைச் சிறுநீரகப் புற்றுநோய்களில் பெரும்பாலானவற்றில் அதே மரபணு செயலிழந்திருந்தது. அது செயலிழந்தால், ஆக்சிஜன் போதவில்லை என்று செல் தவறாக உணர்ந்து புதிய இரத்தக் குழாய்களை வரவழைக்கிறது. கட்டி அவற்றால் கொழுக்கிறது. குழாய் வளர்ச்சியைத் தடுக்கும் சோராஃபெனிப், சுனிட்டினிப் முதலிய மாத்திரைகள் அடுத்தடுத்து வந்தன. வீட்டிலிருந்தே விழுங்கலாம், பெரும்பாலானோரிடம் நோய் சில காலம் கட்டுக்குள் நிற்கும். ஆனால் முழுவதும் மறைவது அரிது. நிறுத்தினால் நோய் திரும்பும். எல்லோருக்கும் கொஞ்சம் என்ற இந்த நியாயமான பங்கீட்டின் முன், சிலருக்கு மட்டும் எல்லாம் என்ற இன்டர்லூக்கின் பழையகால முரட்டுத்தனமாகத் தோன்றியதில் வியப்பில்லை.

அது திரும்பிவந்தது வேறொரு வழியில். 1992இல் கியோட்டோவில் தசுக்கு ஹோன்ஜோவின் ஆய்வுக்கூடம், செல்கள் தம்மைத் தாமே அழித்துக்கொள்ளும் நிகழ்வில் பங்குகொள்ளும் மரபணுவைத் தேடியது. கிடைத்த ஒன்றுக்கு 'திட்டமிட்ட இறப்பு-1' என்று பெயரிட்டது. பிடி-1 என்பது அதன் சுருக்கம். பின்னர் தெரிந்தது, அதன் முதன்மையான வேலை செல்லைக் கொல்வதல்ல என்று. 1999இல் அந்த மரபணு நீக்கப்பட்ட எலிகளுக்கு, உடல் தன்னையே தாக்கும் லூபஸ் போன்ற நோய் வந்தது. பிடி-1 என்பது டி செல்லின் தடைக்கட்டை. அது இல்லாதபோது டி செல் சொந்த உடலையும் விட்டுவைப்பதில்லை. பொருந்தாத பெயர் மட்டும் அப்படியே நிலைத்துவிட்டது, ஹைப்பர்நெஃப்ரோமாவைப் போல. இதற்கிடையே அமெரிக்காவில் ஜேம்ஸ் அலிசன், சிடிஎல்ஏ-4 என்ற இன்னொரு தடைக்கட்டையை மறித்தால் எலிகளின் கட்டிகள் மறைவதை 1996இல் காட்டியிருந்தார். இருவருக்கும் 2018இல் நோபெல் பரிசு கிடைத்தது.

இன்டர்லூக்கின் டி செல்லின் முடுக்கியை அழுத்தியது. புதிய மருந்துகள் தடைக்கட்டையைத் தளர்த்தின. பிடி-1ஐ மறிக்கும் நிவோலுமாப் மருந்தின் முதற்கட்ட ஆய்வு 2012இல் வெளியானபோது, 33 சிறுநீரகப் புற்றுநோயாளிகளில் 9 பேரிடம் கட்டிகள் சுருங்கியிருந்தன. 2015இல் வெளியான அடுத்த ஆய்வில், குழாய் தடுப்பு மாத்திரைகள் கைவிட்ட 821 பேர் நிவோலுமாப், எவரோலிமஸ் என இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். அதை நடத்திய ராபர்ட் மோட்சரின் மருத்துவமனை, 1890களில் வில்லியம் கோலி கொல்லப்பட்ட பாக்டீரியாக்களை ஊசியாக ஏற்றிப் புற்றுநோயை விரட்ட முயன்ற அதே நியூயார்க் மெமோரியல்.

அந்த ஆய்வின் எண்களில் ஒரு புதிர் இருந்தது. நோய் மேலும் வளராதிருந்த காலத்தின் இடைநிலை அளவு நிவோலுமாப் பிரிவில் 4.6 மாதம், எவரோலிமஸ் பிரிவில் 4.4 மாதம். ஆயுளின் இடைநிலை அளவோ 25 மாதம், 19.6 மாதம். நோயின் போக்கை மாற்றாத மருந்து ஆயுளை மட்டும் எப்படிக் கூட்டும்? விடை 'இடைநிலை' என்ற அளவுகோலிலேயே இருக்கிறது. வரிசையாக நிற்கும் நூறு பேரில் நடுவில் நிற்பவரை மட்டும் அது பார்க்கிறது. கடைக்கோடியில் நிற்கும் இருபது பேர் ஆறு மாதம் வாழ்ந்தாலும் ஆறு ஆண்டு வாழ்ந்தாலும் அதற்குத் தெரியாது. மெசொதீலியோமா என்னும் கொடிய புற்றுநோய்க்கு ஆளான உயிரியலாளர் ஸ்டீபன் ஜே கூல்ட் 1985இல் இதைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார். எட்டு மாதம் என்ற இடைநிலைக் கணிப்பைத் தாண்டி இருபது ஆண்டுகள் வாழ்ந்தார். சிறுநீரகப் புற்றுநோயில் நோயெதிர்ப்பாற்றல் சிகிச்சையின் பயன் எப்போதுமே வரைகோட்டின் அந்த வால்பகுதியில்தான் இருந்தது. இப்போது வால் சற்றுத் தடித்திருந்தது. சிகிச்சையால் வரும் துன்பமும் முன்னைப்போல் இல்லை.

2018இல் இரு தடைக்கட்டைகளையும் ஒருசேரத் தளர்த்தும் முயற்சியின் முடிவு வந்தது. நிவோலுமாப், இப்பிலிமுமாப் ஆகிய இரண்டையும் சுனிட்டினிப்போடு ஒப்பிட்ட ஆய்வில் 1,096 பேர் பங்கேற்றனர். நோயின் நிலை நடுத்தரமாகவோ மோசமாகவோ இருந்தவர்களில் 42 விழுக்காட்டினருக்குக் கட்டிகள் சுருங்கின; சுனிட்டினிப் பிரிவில் 27. முழு மறைவு 9 விழுக்காடு; மறு பிரிவில் 1. இரட்டை மருந்து பெற்ற 547 பேரில் எட்டு பேரின் மரணம் சிகிச்சையால் நேர்ந்ததாகக் குறிக்கப்பட்டது. எட்டு ஆண்டுகள் தொடர்ந்து கண்காணித்தபோது ஆயுளின் இடைநிலை அளவு ஒட்டுமொத்தமாக 52.7 மாதம், சுனிட்டினிப் பிரிவில் 37.8 மாதம் என்று நின்றது. 2019 முதல் பிடி-1 தொடர்பைத் தடுக்கும் மருந்தோடு குழாய் தடுப்பு மாத்திரையைச் சேர்க்கும் கூட்டுகளும் வந்தன. பகைவர்களாகக் கருதப்பட்ட இரு மரபுகள் ஒரே மருந்துச்சீட்டில் இடம்பிடித்தன.

முழு மறைவின் எண்களைச் சற்று நின்று பார்ப்பது நல்லது. 1990களின் இன்டர்லூக்கினில் 5 முதல் 9 விழுக்காடு. 2018இன் இரட்டை மருந்தில் 9. நோயாளிகள் வேறு, அளவிடும் முறை வேறு என்பதால் இவற்றை நேராக ஒப்பிடுவது முறையன்று. ஆயினும் புரட்சி என்று சொல்லப்பட்டதில் மாறியது எது என்பதற்கு இது ஒரு குறிப்பு. தீவிர சிகிச்சைப் பிரிவைத் தாங்கும் உடல் கொண்டவர்களுக்கு மட்டுமே கிட்டிய வாய்ப்பு, புறநோயாளியாக வந்துபோகும் முதியவர்களுக்கும் கிட்டியது. அதுவே பெரிய மாற்றம்.

ஆனால் யாருக்குக் கிட்டியது என்ற கேள்வி உடலோடு முடிவதில்லை. நிவோலுமாப்பின் வழக்கமான அளவு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 240 மில்லிகிராம். அந்த அளவு தேவைதானா என்பதற்குச் சிறுநீரகப் புற்றுநோயிலேயே ஒரு பழைய சான்று உண்டு. 168 பேர் பங்கேற்ற ஓர் ஆய்வில், உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.3, 2, 10 மில்லிகிராம் என மூன்று அளவுகளில் மருந்து கொடுக்கப்பட்டது. மிகக் குறைந்த அளவுக்கும் மிகக் கூடிய அளவுக்கும் இடையே முப்பது மடங்குக்கும் மேல் வேறுபாடு. கட்டி சுருங்கியவர்கள் முறையே 20, 22, 20 விழுக்காடு. மிகக் குறைந்த அளவு பெற்றவர்களின் ஆயுள் சற்றுக் குறைவாகத் தெரிந்தது. அந்த வேறுபாட்டை உறுதிப்படுத்தும் அளவுக்கு ஆய்வு பெரிதல்ல. உறுதிப்படுத்தும் பெரிய ஆய்வை நடத்துவதில் மருந்து விற்பவருக்கு என்ன ஆர்வம் இருக்க முடியும்?

ஆர்வம் மும்பையின் டாட்டா நினைவு மருத்துவமனையில் இருந்தது. இந்தியாவில் இத்தகைய மருந்துகளை வாங்க இயன்றவர்கள் மிகச் சிலர் என்ற நிலையில், அங்குள்ள மருத்துவர்கள் முற்றிய தலை, கழுத்துப் புற்றுநோய் கொண்ட 151 பேரிடம் ஓர் ஆய்வு நடத்தினர். விலை குறைந்த வாய்வழி மருந்துகளோடு, ஒரு பிரிவினருக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை வெறும் 20 மில்லிகிராம் நிவோலுமாப் சேர்க்கப்பட்டது. ஓராண்டு உயிரோடிருந்தோர் 16.3 விழுக்காட்டிலிருந்து 43.4 விழுக்காடாயினர். இது வேறு புற்றுநோய். சிறுநீரகத்துக்கு இந்த முடிவை அப்படியே பெயர்த்துவர இயலாது. ஆனால் ஒரு தவணையில் பன்னிரண்டில் ஒரு பங்கு மருந்து வேலைசெய்கிறது என்றால், கட்டுப்படியாகாத மருந்து என்று சொல்லி முடித்துவிடுவது விஞ்ஞானமாகாது. இந்தியப் புற்றுநோய் ஆய்வுகளுள் உலக அளவில் கவனிக்கத்தக்க கேள்வி எது என்று கேட்டால், முதலில் சுட்டவேண்டியது இதுவே.

பம்பஸின் நோயாளிக்கு நேர்ந்ததை நம்பிச் சிறுநீரகத்தை முதலில் அகற்றும் வழக்கமும் இக்காலத்தில் சோதனைக்குள்ளாயிற்று. 2001இல் இரு ஆய்வுகள், அகற்றியபின் இன்டர்ஃபெரான் கொடுத்தால் ஆயுள் கூடுகிறது என்று காட்டின. 2018இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள், அகற்றாமல் சுனிட்டினிப் மட்டும் கொடுத்தவர்களின் ஆயுள் 18.4 மாதம், அகற்றியபின் கொடுத்தவர்களின் ஆயுள் 13.9 மாதம் என்று காட்டினர். மருந்து மாறினால் அறுவையின் நியாயமும் மாறிவிடுகிறது.

எஞ்சியிருப்பது 1928இன் கேள்வியே: ஏன் அவர்களுக்கு மட்டும்? இன்டர்லூக்கின் யாருக்குப் பயன்படும் என்பதைத் திசுவின் தோற்றத்தையும் சிஏ-9 என்ற புரதத்தையும் வைத்து முன்கூட்டிச் சொல்ல முயன்ற ஆய்வு தோல்வியடைந்தது. நிவோலுமாப் ஆய்வில், பிடி-1உடன் இணையும் புரதம் கட்டியில் மிகுந்திருந்தாலும் குறைந்திருந்தாலும் பயன் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. பிற புற்றுநோய்களில் மரபணுப் பிறழ்வுகள் மிகுந்திருந்தால் இச்சிகிச்சை நன்றாக வேலைசெய்யும். சிறுநீரகப் புற்றுநோயில் பிறழ்வுகள் அப்படியொன்றும் மிகுதியில்லை. பிற புற்றுநோய்களில் கட்டிக்குள் டி செல்கள் நிறைந்திருப்பது நற்குறி. இங்கே பல ஆய்வுகளில் அது தீக்குறி. 'சார்கோமா போன்ற' தோற்றம் கொண்ட, மிக மோசமானதாகக் கருதப்பட்ட வகையோ இரட்டை மருந்துக்கு எல்லாவற்றிலும் நன்றாகக் கட்டுப்பட்டது: 60.8 விழுக்காட்டினருக்குக் கட்டி சுருங்கியது, 18.9 விழுக்காட்டினருக்கு முழுவதும் மறைந்தது. பாடநூல் விதிகள் ஒவ்வொன்றாகத் தலைகீழாகின்றன.

டி செல் எதைப் பார்த்துப் புற்று செல்லை அடையாளம் காண்கிறது என்பதை நேரடியாகத் தேடியவர்களும் உண்டு. எல்லா நோயாளிகளுக்கும் பொதுவான புரதங்களை வைத்துச் செய்யப்பட்ட சிறுநீரகப் புற்றுநோய்த் தடுப்பூசிகள் பெரிய ஆய்வுகளில் வரிசையாகத் தோற்றன. 2025இல் பாஸ்டன் ஆய்வாளர்கள் வேறு வழியை முன்வைத்தனர்: ஒவ்வொரு நோயாளியின் கட்டியிலும் உள்ள பிறழ்வுகளைப் படித்து அவருக்கென்றே தடுப்பூசி செய்வது. கட்டி அகற்றப்பட்ட, ஆனால் நோய் திரும்பும் ஆபத்து மிகுந்த ஒன்பது பேருக்கு அது செலுத்தப்பட்டது. ஒன்பது பேரிடமும் டி செல்கள் தூண்டப்பட்டன. கண்காணிப்பின் இடைநிலைக் காலமாகிய 40 மாதம்வரை எவருக்கும் நோய் திரும்பவில்லை. ஒப்பிட வேறு பிரிவு அந்த ஆய்வில் இல்லை. ஆர்என்ஏ முறையில் செய்யப்படும் இத்தகைய தனிநபர்த் தடுப்பூசிக்கான அடுத்த ஆய்வில் அது இருக்கிறது. அங்கே அனைவருக்கும் அறுவைக்குப்பின் பெம்ப்ரோலிசுமாப் உண்டு. அதனோடு ஒரு பிரிவினருக்குத் தடுப்பூசி, மறு பிரிவினருக்கு வெறும் ஊசி. அந்த வெறும் ஊசிப் பிரிவில் எத்தனை பேருக்கு நோய் திரும்பாமலிருக்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்கவேண்டியிருக்கும்.